தண்ணி லாரி குரூப்பில் மகிமாவின் குரல்

மகிமா நாசரேத்தில் பிறந்து, அங்கேயே படித்து, இரண்டு தெரு தள்ளி வாழ்க்கைப்பட்டவள். கணவர் ஞானதுரை தண்டையார்பேட்டையில் பழைய சாக்கு மொத்த வியாபாரம் செய்தார். பண்டிகைக்குப் பண்டிகை ஊருக்கு வந்துபோவார். மகள் கல்லூரி விடுதிக்குப் போனதும், "இனி நீ மட்டும் இங்கன என்ன செய்யப் போற, வந்துரு" என்றார். நடுவயதில், ஒரு அண்டாவும் ஒரு சிப்பம் கருப்பட்டியுமாக, டோல்கேட் பக்கத்துச் சந்து ஒன்றில் மாடி வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

கீழ்வீட்டில் இருந்த வீட்டுக்கார அம்மாள் ரஹீமுன்னிசா மறுநாள் காலையில் படியில் நின்று, "இன்னாம்மே, நாஷ்டா துன்னுட்டியா?" என்று விசாரித்தாள். மகிமாவின் முகம் சுண்டிவிட்டது. அவள் ஊரில் மாட்டைப் பற்றித்தான் தின்றதா என்று கேட்பார்கள்.

எதிர் டீக்கடையில் அதைவிட மோசம். கடைக்காரர் லியாகத் அலிக்கு வெள்ளைத் தாடி, பேரன் பேத்தி எடுத்த வயது. "பால் இருக்கா?" என்று கேட்டதற்கு, "அக்காங்" என்றார். மகிமா வீட்டுக்கு வந்து நெடுநேரம் கண்ணாடியைப் பார்த்தாள்.

"நான் அவருக்கு அக்கா மாதிரியா இருக்கேன்?" என்று கணவரிடம் கேட்டாள்.

ஞானதுரைக்குச் சோறு புரையேறியது. "ஏட்டி, ஆமான்னு சொல்லிருக்காரு. இங்க அப்படித்தான்."

துபாயில் இருந்த தங்கை ஜாஸ்மினுக்கு வாட்ஸப்பில் பேசி அனுப்புவதுதான் அவளுக்கு ஒரே ஆறுதல். "நீ வெளிநாட்டுக்குப் போன, அங்க ஒருத்தரும் தமிழ் பேசலன்னா நியாயம். நான் தண்டையார்பேட்டைக்கு வந்திருக்கேன். எல்லாரும் தமிழ்தான் பேசுதாவ, ஒண்ணும் புரியல, கேட்டியா."

ஒருநாள் ரஹீமுன்னிசா அவளைத் தெருக்காரர்களின் 'தண்ணி லாரி' குரூப்பில் சேர்த்துவிட்டாள். லாரி எப்போது வரும் என்று அதில் எழுதிப் போடுவார்கள். அன்று சாப்பாட்டுக்குப் பிறகு மகிமா கால் நீட்டி உட்கார்ந்து தங்கைக்குச் சாவகாசமாகப் பேசினாள்:

"கீழ்வீட்டம்மா இருக்காவல்லா, அவிய ரகசியம் பேசுனா நம்ம கோயில் ஸ்பீக்கர் தோத்துரும். பால்காரரத் திட்டுதாவளா கொஞ்சுதாவளான்னு இன்னும் பிடிபடல. டீக்கடை பாய் டீயில கரண்டிய நட்டா விழாது, அவ்வளவு சீனி. இங்க எத்திராஜுன்னு ஒருத்தர் ஷேர் ஆட்டோ ஓட்டுதாரு. வளக்குற ஆடு பின்சீட்டுல ஜன்னலோரமா உக்காந்து வருது. சனங்க தொங்கிட்டுப் போறாவ."

அனுப்பி முடித்துக் கண்ணயரப் போனாள். கீழ்வீட்டிலிருந்து யாரோ நாசரேத்துப் பேச்சில் பேசுவது கேட்டது. ஊர்க்காரி யாரோ வந்திருக்கிறாள் என்று ஆசையாக எழுந்தாள். அதே பேச்சு டீக்கடையிலிருந்தும் வந்தது. அப்புறம்தான் அது தன் குரல் என்று தெரிந்தது. போனை எடுத்துப் பார்த்தாள். பேச்சு போன இடம் தங்கையல்ல, தண்ணி லாரி. பதறிப்போய் அழித்தாள். அது அவள் போனில் மட்டும் அழிந்தது.

கதவைத் தாழிட்டுவிட்டுக் கணவரைப் போனில் கூப்பிட்டாள். "அத்தான், நான் ஊருக்குப் போறேன்."

"நானும் அந்த குரூப்புல இருக்கேம்லா, கேட்டுட்டேன்," என்றார் ஞானதுரை. "நல்லாத்தான் பேசிருக்க."

சற்று நேரத்தில் கதவு தட்டப்பட்டது. "யம்மே, தொற. இன்னாத்துக்கு உள்ள குந்திகினு கீற?" ரஹீமுன்னிசாவின் குரல். பின்னால் படி முழுக்கக் காலடிச் சத்தம்.

மகிமா கைகூப்பியபடியே கதவைத் திறந்தாள். "மன்னிச்சிருங்க. தெரியாம..."

"ஸ்பீக்கருன்னு சொன்னியே, கரீட்டு," என்றாள் ரஹீமுன்னிசா. "எம் புருசனும் கண்ணாலம் ஆன நாள்லேர்ந்து இத்தத்தான் சொல்லிகினு கீறாரு. உன்ன மாரி அயகா சொல்ல வர்ல."

லியாகத் அலி தாடியைத் தடவினார். "சீனி கொஞ்சம் ஜாஸ்திதாம்மா. கம்மி பண்ணா எவன் குடிக்கிறான்?"

எத்திராஜுக்கு மட்டும் நிஜமாகவே வருத்தம். "ஆடு பின்சீட்டுல குந்தாதுக்கா. எம் பக்கத்துல தான் குந்தும். லேடீஸ் வந்தா அதுவே எறங்கிக்கும். தெரியாம ஒரு வாயில்லா ஜீவன் பேர கெடுக்கக் கூடாது."

மகிமா ஆட்டைப் பற்றிச் சொன்னதைத் திருத்தி, அவர் முன்னாலேயே பேசிக் குரூப்பில் போட்டாள். அதற்குப் பிறகுதான் அவர் படியிறங்கினார். ரஹீமுன்னிசாவின் மருமகள் ஜஸீமா மட்டும் போகாமல் நின்றாள். "என்னப் பத்தி ஒரு வார்த்தகூட இல்லியே. நான் இன்னா அவ்ளோ மட்டமா கீறனா?" அவளைப் பற்றியும் ஒன்று பேசிப் போட வேண்டியதாயிற்று. அடுப்பில் பால் வைத்துவிட்டு அவள் தெருவில் கதை பேசுவதையும், பால் பொங்கியதைத் தெருவே அவளுக்குச் சொல்வதையும் மகிமா சொன்னாள். ஜஸீமா மகிழ்ந்துபோனாள்.

அன்று முதல் லாரி வரும் சேதியை எழுதிப் போடுவது நின்றது. மகிமாதான் பேசிப் போட்டாள். "லாரி கன்டெய்னர் வண்டிகளுக்கு நடுவுல மாட்டிக்கிட்டு நிக்குது. நிதானமா வாங்க. போன தடவ குடத்தால இடிச்சுக்கிட்ட ரெண்டு பேரும் இன்னிக்கு ஆளுக்கொரு ஓரமா நில்லுங்க." தண்ணீருக்குத் தட்டுப்பாடே இல்லாத பக்கத்துத் தெருக்காரர்களும் குரூப்பில் வந்து சேர்ந்தார்கள்.

லாரி டிரைவர் பீம்ராவும் ஒருநாள் சேர்ந்துவிட்டார். சேர்ந்ததிலிருந்து அவர் பழைய பீம்ராவ் இல்லை. லாரியைச் சந்து முனையிலேயே நிறுத்திவிட்டுப் போனைக் காதில் வைத்துக்கொள்வார். "நம்ம பீம்ராவ் அண்ணாச்சி வந்துட்டாவ" என்று மகிமா சொல்லிக் கேட்ட பிறகுதான் வண்டியை உள்ளே விடுவார்.