என்ன கோக் வேணும்?

வேகிராஸ் ஊர்ப் பள்ளியில் ஆயுசெல்லாம் பிள்ளைகளை அதட்டிச் சாப்பாடு போட்டவள் லர்லீன். வாய்க்குப் பூட்டே கிடையாது. அப்பேர்ப்பட்டவளுக்கு, வழக்குக்கு வாக்குமூலம் கொடுக்க வக்கீல் அலுவலகத்தில் சத்தியம் செய்துவிட்டு உட்கார்ந்ததும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

புருஷன் ஹாய்ட் புற்றுநோயில் செத்துப்போனான். நெஞ்செரிச்சலுக்கு வருஷக்கணக்காகத் தின்ற மாத்திரைதான் காரணம் என்று அதைச் செய்த கம்பெனி மேல் வழக்கு. அவன் தின்றது அந்தக் கம்பெனியின் மாத்திரைதான் என்று இன்று அவள் நிரூபிக்க வேண்டும். இல்லாவிட்டால் வழக்கு அத்தோடு சரி. பக்கத்தில் மகள் ரோவீனா அமர்ந்திருந்தாள்.

கம்பெனி வக்கீல் ப்ரூக்கர் வடக்கிலிருந்து வந்தவர், இந்தத் தெற்கத்திப் பேச்சுக்குப் புதியவர். சட்டை கசங்காத ஆசாமி.

“மேடம், உங்க வீட்டுக்காரர் என்ன மாத்திரை சாப்பிடுறார்னு ஆஸ்பத்திரியில சொன்னீங்க?”

“மின்டோன்னு சொன்னேன்.”

“மின்டோ வெறும் சுண்ணாம்பு மாத்திரை. வேற கம்பெனி சரக்கு. அப்புறம் எங்க மேல எதுக்கு வழக்கு?”

அவளுடைய வக்கீல் டூயிக்கு முகம் வெளுத்தது. லர்லீனுக்குக் கோபம் வந்தது. கூடவே நாக்கும் வந்தது.

“டூயி, தொண்டை வறண்டு போச்சு. ஒரு கோக் குடுப்பா.”

“என்ன கோக் வேணும், லர்லீனம்மா?”

“ஆரஞ்சு.”

ப்ரூக்கர் விழித்தார்.

“பாத்தீங்களா தம்பி? எங்க ஊர்ல சோடா எல்லாமே கோக்குதான். வயித்துக்குப் போடுற மாத்திரை எல்லாமே மின்டோதான். ஹாய்ட் தின்னது உங்க மாத்திரை.”

டூயி சிரித்தே விட்டான். ப்ரூக்கர் சிரிக்கவில்லை.

“எல்லாத்துக்கும் ஒரே பேருன்னா, அவர் தின்னது எங்களுதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

தான் விரித்த வலையில் தானே போய் விழுந்தாள். பதில் இல்லாமல் இல்லை. டூயியிடம்கூடச் சொல்லாத பதில். மகள் காதில் விழவே கூடாது என்று இத்தனை நாள் விழுங்கி வைத்திருந்த பதில்.

“அவரு சுண்ணாம்பு மாத்திரையே போதும்னாரு. கஞ்சத்தனம் பண்ணாதய்யா, நல்லதா வாங்கித் தரேன்னு நான்தான் சண்டை போட்டேன். கடையில உங்க டப்பாவைப் பாத்து எடுத்தது நான். மூட்டுவலி, அவரால மூடி திறக்க முடியாது. தினமும் நான்தான் திறந்து அவர் உள்ளங்கையில வெச்சேன்.”

ப்ரூக்கர் காகிதங்களைப் புரட்டினார். வழக்கு பிழைத்துவிட்டது.

ஆரஞ்சு சோடா வந்தது. லர்லீன் திருகிப் பார்த்தாள், மூடி அசையவில்லை. மகளை நிமிர்ந்து பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது. ரோவீனா புட்டியை வாங்கி, மூடியைத் திறந்து, அம்மாவின் கையில் வைத்தாள்.