இரண்டாவது வில்லை

என் தம்பி காலாட்படையில் இருக்கிறான். எல்லையில் சண்டை தொடங்கிய மறுநாள் காலை, விடுப்பில் வந்து மூன்றே நாளான அவனை உடனே திரும்பி வரச் சொல்லி போன் வந்தது. எனக்கு அன்று பத்திரிகை அலுவலகத்தில் மாலை வேலை. சென்ட்ரல் வரை கூடப் போகலாம் என்று, கவரைப்பேட்டையில் அவன் வாடகைக்கு இருந்த வீட்டுக்குப் போனேன்.

கட்டிலில் பரப்பியிருந்தது கொஞ்சம்தான். நான்கு ஜோடி சாக்ஸ், சவரப் பை, துண்டு, அவன் மனைவி வைத்த எலுமிச்சை ஊறுகாய். மற்றதெல்லாம் படைப்பிரிவில் இருந்தது. களத்தில் எதையெல்லாம் சுமப்பாய் என்று போன விடுப்பிலேயே அவனைக் குடைந்திருக்கிறேன். துப்பாக்கி, தோட்டா நிரப்பிய மேகசின்கள், கையெறி குண்டு, தண்ணீர், பள்ளம் தோண்டச் சின்ன மண்வெட்டி, மழைக்கு ஒரு விரிப்பு, பூரி, சக்கர்பாரா என்ற இனிப்புத் துண்டுகள். "ஒரு சிப்பம் அரிசிய முதுகுல கட்டிக்கினு மலை ஏர்ற மாதிரிண்ணா" என்றான். காயத்துக்கான கட்டுத்துணியை எல்லோரும் ஒரே பக்கத்துப் பையில்தான் வைக்க வேண்டுமாம். அடிபட்டவனுக்கு அவன் பையில் இருப்பதை எடுத்துத்தான் கட்டுவார்கள். தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

இவை தவிர இரண்டு உலோக வில்லைகள், எண்ணும் பெயரும் ரத்த வகையும் பொறித்தவை. கழுத்தில் ஒன்று, மணிக்கட்டில் ஒன்று. வீட்டுக்கு வந்தால் கழற்றி, கண்ணாடிக்குப் பக்கத்து ஆணியில் மாட்டுவான். அன்று ஆணியில் ஒன்றுதான் இருந்தது.

ரயிலுக்கு முக்கால் மணி நேரம். தலையணையை உதறினோம். நான் கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்தேன். அவன் மனைவி அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

"அதான் ஒன்னு கீதே. பத்தாதா?" என்றாள்.

"ரெண்டும் வோணும்."

"ஒரே மாதிரி ரெண்டு இன்னாத்துக்கு?"

"ரூலு."

எனக்குக் காரணம் தெரியும். குனிந்தபடியே இருந்தேன்.

அவளே மறுபடி கேட்டாள். "அது இல்லன்னா கேட்ல உள்ள உட மாட்டாங்கல்ல?"

தம்பி நிமிர்ந்து பார்த்தான். அவள் கும்மிடிப்பூண்டியில் கார்களுக்கு வயர் கட்டும் கம்பெனியில் வேலை செய்கிறாள். போன மாதம் அடையாள அட்டையை மறந்துவிட்டுப் போனவளை செக்யூரிட்டி கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிட்டார். வந்த வழியே வீட்டுக்கு வந்தாள்.

"இது உன் கம்பெனி இல்லடி" என்று சிரித்தான் தம்பி. "கார்டு இல்லன்னு ஊட்டுக்குப் போன்னு சொல்றதுக்கு."

அவள் சிரிக்கவில்லை. கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த தன் அடையாள அட்டையை எடுத்தாள். பிளாஸ்டிக் உறைக்குள், அவள் புகைப்படத்துக்குப் பின்னால், வில்லை இருந்தது.

"இப்ப நெசத்த சொல்லு. இன்னாத்துக்கு ரெண்டு?"

தம்பி என்னைப் பார்த்தான். நான் அவன் பையின் ஜிப்பை இழுத்து மூடினேன்.

"எனக்கு எதுனா ஆச்சுன்னா, ஒன்ன கூட இருக்கறவங்க எடுத்துக்கினு போவாங்க, கணக்கு சொல்ல. இன்னொன்னு என்கூடவே இருக்கும். யாருன்னு தெரியணும்ல."

அவள் வில்லையில் பொறித்திருந்த அவன் பெயரை விரலால் தடவினாள். பிறகு, "கைய நீட்டு" என்றாள். வில்லை கோத்த கயிற்றை மணிக்கட்டில் இரண்டு சுற்று சுற்றி முடிச்சுப் போட்டாள். அதன்மேல் இன்னொரு முடிச்சு.

"இறுக்குதுடி."

"இறுக்கட்டும். ரெண்டையும் நீயே எடுத்துக்கினு வா."

"சரிங்க மேடம்."

"மாமா, நீங்க சாட்சி" என்றாள் என்னிடம். அதன் பிறகுதான் அழுதாள், முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல்.

புறநகர் ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. தம்பி சட்டைக் கையை மேலே ஏற்றி ஒருமுறை பார்த்தான். கயிறு பதிந்து தோல் சிவந்திருந்தது. தளர்த்திக்கொள்ளேன் என்றேன்.

"இருக்கட்டும்ண்ணா" என்று சட்டைக் கையை இறக்கிவிட்டான். சென்ட்ரல் வரை அவன் அதைத் தொடவில்லை.