ஐந்து நிமிடக் கிழங்கு

பள்ளிக்கூட அசெம்பிளியில் மகள் மயங்கி விழுந்த பிறகுதான் அவள் பல வாரங்களாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு இது எப்படித் தெரியாமல் போனது என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. நான்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். டிபன் டப்பா காலியாக வந்தது, கழுவிக் கவிழ்த்தேன். தொளதொளவென்று சட்டை போட்டாள், பதினாறு வயதுப் பிள்ளைகளின் மோஸ்தர் என்று நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் நான்கு நாள் டிரிப் ஏற்றினார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது எகிப்துக்கார டாக்டரம்மா, வற்புறுத்த வேண்டாம், சின்ன வயதில் விரும்பிச் சாப்பிட்டது ஏதாவது இருந்தால் செய்து கொடுத்துப் பாருங்கள் என்றார். அடுத்த திங்கட்கிழமை எடை பார்க்க வரவேண்டும். இன்னும் குறைந்திருந்தால் மறுபடியும் சேர்த்து, மூக்கு வழியாகக் குழாய் விட நேரலாம். இதை அவர் சொன்னபோது மகள் என் கையைப் பிடித்திருந்தாள். அந்தப் பிடியில் எலும்பு மட்டும்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். இடியாப்பம், கறிக்கஞ்சி, வட்டிலாப்பம். எல்லாவற்றுக்கும் வேண்டாமென்று தலையாட்டினாள். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டே, "அந்த ஆன்ட்டி செய்ற கிழங்கு" என்றாள்.

எந்த ஆன்ட்டி என்று எனக்கு உடனே புரிந்தது. இங்கே அபுதாபியில், முசஃபாவில் வொர்க்‌ஷாப் வேலைக்கு என் கணவர் வருவதற்கு முன்னால், நாங்கள் நான்கு வருடம் வேல்ஸில் ஒரு துறைமுக ஊரில் இருந்தோம். நானும் வேலைக்குப் போனேன். பள்ளி விட்டதும் மகளைப் பக்கத்து வீட்டுக்காரிதான் பார்த்துக்கொள்வாள். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள், உரத்த குரல்காரி. உருளைக்கிழங்கை வட்டவட்டமாக நறுக்கி, வெங்காயத்தோடு, கிழங்கு மூழ்காத அளவு தண்ணீர் விட்டு அகலச் சட்டியில் வேகவைப்பாள். அதற்கு அவர்கள் மொழியில் ஐந்து நிமிடக் கிழங்கு என்று பெயர். அரை மணி நேரம் ஆகும். "பசியோடு நிற்கிற பிள்ளையிடம் அரை மணி நேரம் என்று சொல்ல முடியுமா?" என்று சிரிப்பாள். அவர்கள் அதில் பன்றி இறைச்சித் துண்டு போடுவார்கள். எங்களுக்கு ஆகாது என்று நான் ஒரே ஒரு முறை சொன்னதற்கு, என் மகளுக்காகத் தனிச் சட்டியே வாங்கி வைத்தாள். அதில் வெண்ணெய் மட்டும்தான்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து கணவர் வருவதற்குள் செய்துவிட்டேன். மகளுக்குத் தட்டில் வைத்தேன். ஒரு கரண்டி எடுத்தாள், வாயருகே கொண்டுபோனாள், வைத்துவிட்டாள்.

"இது அது இல்ல உம்மா."

கணவர் சட்டியை எட்டிப் பார்த்தார். "இந்தா புள்ள, கிழங்க குளிப்பாட்டி வச்சிருக்கியா? வெறுந்தண்ணில வெந்தத எவன் திம்பான்? ரெண்டு பச்ச மொளகாயாச்சும் கிள்ளிப் போட்டிருக்கலாம்ல?"

மகளைச் சிரிக்கவைக்கத்தான் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. அவரும் தட்டை வாங்கிக்கொண்டு ஹாலுக்குப் போய்விட்டார். உள்ளபடியே அது தண்ணீராகத்தான் இருந்தது. கிழங்கு தனி, நீர் தனி.

சனிக்கிழமை மத்தியானம் மறுபடியும் ஆரம்பித்தேன். மகள் அடுக்களை வாசலில் வந்து நின்றாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் போய்விடுவாள் என்று பயம்.

"உம்மா, வெட்டுன கிழங்க ஏன் தண்ணில போடுறீங்க?"

"போடாட்டி கறுத்துப் போவும்லம்மா."

"நேத்தும் கழுவுனீங்களா?"

"கழுவாம? மூணு தண்ணி."

"ஐயோ, நோ. ஆன்ட்டி கழுவவே மாட்டாங்க. அந்த ஸ்டார்ச்லதான் கொழம்பு திக் ஆவும். தள்ளுங்க."

எங்கள் ஊரில் கிழங்கை நறுக்கித் தண்ணீரில் போடாதவளைச் சமைக்கத் தெரியாதவள் என்பார்கள். பால்போல வெளுத்த அந்தத் தண்ணீரை ஆயுள் முழுக்கக் கொட்டியிருக்கிறேன்.

அவள் புதுக் கிழங்கு எடுத்துத் தோல் சீவினாள். வட்டங்கள் எல்லாம் ஒரே கனம். வெங்காயம் வதங்கும்போது வெண்ணெயை நான் போடுவதைவிடத் தாராளமாக, இரண்டு முறை வெட்டிப் போட்டாள். வெண்ணெயைக் கண்டு பயப்படாத பிள்ளை சாப்பிட்டுவிடுவாள் என்று ஒரு முட்டாள் கணக்கு ஓடியது. உள்ளே போய், வொர்க்‌ஷாப்பில் இருந்த கணவருக்குப் போனில் சொன்னேன், குரலைத் தாழ்த்தி. "அல்ஹம்துலில்லாஹ், நீ ஒண்ணும் பேசாத, சும்மா நில்லு" என்றார்.

மூடியைத் திறந்தபோது சாறு கெட்டியாகி, கிழங்கைப் பளபளவென்று மூடியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரியின் சட்டியில் பார்த்தது அப்படியேதான்.

ஒரு தட்டு எடுத்தாள். ஒன்றே ஒன்று. என் முன்னால் வைத்தாள்.

"சாப்டுங்க உம்மா."

"நீயும் உக்காரும்மா."

"உக்காந்துட்டேன்ல. நீங்க சாப்டுங்க."

எதிரே தட்டில்லாமல் உட்கார்ந்திருந்தாள். நான் ஒரு வாய் எடுத்தேன். அவள் பார்வை கரண்டியோடு என் வாய்வரை வந்தது, மறுபடி தட்டுக்கு இறங்கியது.

"நல்லா இருக்கா?"

"நல்லா இருக்கு." பொய்யில்லை. அவ்வளவு நன்றாக இருந்தது. ஒரு துண்டை ஆறவைத்து அவள் பக்கம் நீட்டினேன். நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள். உடனே கையை இழுத்துக்கொண்டு அதை நானே தின்றேன். நாற்காலி பழைய இடத்துக்கு வந்தது.

அப்போதுதான் அந்த வெண்ணெய் யாருக்கு என்று புரிந்தது. நான் நிறுத்தினால் எழுந்துபோவாள். நான் சாப்பிடும்வரை என்னோடு மேஜையில் இருப்பாள். பல வாரங்களுக்குப் பிறகு அவள் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. இன்னும் கொஞ்சம் என்று கேட்டேன். ஆசையாக எழுந்து பரிமாறினாள். வயிறு நிறைந்து தொண்டைவரை வந்துவிட்டது. சட்டியின் அடியைச் சுரண்டி அதையும் என் தட்டில் போட்டாள்.

"நாளைக்கும் உங்களுக்குச் செஞ்சு தர்றேன் உம்மா."

நாளை ஞாயிறு. அதற்கு மறுநாள் எடை.

சரி என்றேன்.