டப்பாவில் தெரிந்த நம்பர்

ஆண்டர்சன்பேட்டை சர்ச் திருவிழாவில் ஒருவர் கடை போட்டிருந்தார். ஒல்லியான ஆள், ஒரு பக்கத் தோள் சரிந்திருக்கும். அட்டை டப்பாவில் இரண்டு கண்ணாடி வில்லை பொருத்தி, சாதாரண போனைச் செருகி, வருகிறவர்கள் தலையில் மாட்டிவிடுவார். எதிரே இருக்கும் மைதானம் அப்படியே தெரியும். அதன் மேல், எப்போதோ பிரித்துப் போட்ட தங்கச் சுரங்கத்து ஷாப்ட் கோபுரம் எழுந்து நிற்கும். ஒவ்வொருவர் கழட்டியதும் மூக்குப் படும் இடத்தை ஈரத்துணியால் துடைப்பார். அவசரப்படவே மாட்டார்.

சுரங்கத்தில் அதிகாரியாக இருந்த ஒரு கிழவர் மறுநாள் பார்க்க வருவதாகக் கேள்விப்பட்டேன். பாறை சத்தம் போடுகிறது, சரியப்போகிறது என்று சொல்லியும் என் வீட்டுக்காரரைக் கீழே இறக்கியவர் அவர்தான். ஆளை இறக்கி ஏற்றும் கேஜில் பிணமாகத்தான் ஏற்றி வந்தார்கள்.

டப்பாக்காரரிடம் போய், "அந்தாளு பாக்கறப்ப எங்க வூட்டுக்காரரையும் காட்ட முடியுமாப்பா?" என்றேன்.

"பேர எழுதிக் காட்டலாம்மா. பேரு இன்னா?"

"பேரு வாணாம். எங்க ஆளுங்கள அவரு நம்பர் சொல்லித்தான் கூப்புடுவாரு. கீழ எறங்கறப்ப குடுக்கற பில்லை நம்பர் போடு."

மறுநாள் டப்பாவை மாட்டிக்கொண்டு அதிகாரி எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த நம்பர் முன்னால் நின்றது. "யாரு நம்பர் இது?" என்றார்.

"நீங்கதான் சார் சொல்லணும்," என்றார் டப்பாக்காரர்.

அதிகாரி டப்பாவைக் கழட்டிக் கொடுத்தார். டப்பாக்காரர் அதைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். "போதுமாம்மா?"

"போதாது. இன்னொரு வாட்டி மாட்டு."

"இன்னும் முடியல சார்," என்று மறுபடி மாட்டினார். மன்னித்துவிடு என்று எனக்குப் புத்தி சொல்லாத ஆள் இந்த ஊரில் அவர் ஒருவர்தான்.