எங்கே போகிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை

எளாவூர் சோதனைச் சாவடிக்கு எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. மரகதம் மேடத்தின் எண். அவர் கூப்பிட்டால் அவசரம் என்றுதான் பொருள் என்பதால், "மேடம், டீயை முடிச்சதும் வந்துர்றேன்" என்று நானே முந்திக்கொண்டேன். மறுமுனையில் இருந்தவர் அவருடைய கணவர். "சார், மரகதம் போயிட்டா" என்றார். எங்கே என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர் அழும் சத்தம் கேட்டது.

மேடத்தை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மாநிலம் முழுக்க எந்தச் சரக்கு லாரியில் போகலாம், எது ரயிலில், எது கப்பலில், எது படகில் என்று திட்டம் போடும் குழுவில் கணக்கெடுப்புப் பிரிவுக்கு அவர்தான் தலைவர். சாலைப் பொறியாளர். நான் ரயில்வே சரக்குப் பிரிவிலிருந்து அந்தக் குழுவுக்கு அனுப்பப்பட்டவன். எனக்கு லாரியைக் கண்டால் ஆகாது. அவருக்கோ ரயில் என்றாலே கிண்டல். "உங்க கூட்ஸ் வண்டி வந்து சேர்றதுக்குள்ள நண்டு கெழமாயிடும் சார்" என்பார். நான் விடுவேனா? லாரிப் புகையிலிருந்து சாலைக் குழி வரைக்கும் இழுத்துப் பேசுவேன். சண்டை முற்றும்போது அவரே முடித்தும் வைப்பார். "சரக்குக்கு லாரியும் தெரியாது, ரயிலும் தெரியாது சார். போய்ச் சேரணும், அவ்ளோதான்."

உட்காரவே மாட்டார். அலுவலகத்தில் அவருடைய நாற்காலி கைப்பைக்குத்தான் பயன்பட்டது. வேர்க்கடலையைக் கொறித்தபடி சுவரில் இருக்கும் வரைபடத்துக்கு முன்னால் நடந்துகொண்டே இருப்பார். அவரோடு வேலை பார்த்தவர்களுக்கெல்லாம் அந்தக் கால்பரபரப்பு ஒட்டிக்கொண்டது. இதை எழுதும்போதும் நாலு வரிக்கு ஒரு தடவை எழுந்து வாசலுக்குப் போய்விட்டு வருகிறேன். வாசலில் எனக்கு ஒரு வேலையும் இல்லை.

பழவேற்காட்டு விவகாரம் ஓர் அட்டவணையில்தான் ஆரம்பித்தது. ஏரிக்கரை இறங்குதுறைக்கு நேராக, சரக்கு 'இல்லை', சேருமிடம் 'இல்லை' என்று இருந்தது. சரக்கே இல்லாத இடம்தானே என்று, துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் காத்திருப்பதற்கு அந்தக் கரையையே ஒதுக்கிவிட்டது எங்கள் வரைவுத் திட்டம். பசியாவரம் போன்ற தீவு ஊர்க்காரர்கள் இறாலையும் நண்டையும் கரையேற்றும் இடம் அது. அங்கே லாரி நின்றால் படகு ஒதுங்க முடியாது. உயிரோடு விற்க வேண்டிய நண்டு வெயிலில் கிடந்து செத்துப்போகும், அதை நம்பியிருக்கும் வீடுகளில் அடுப்பெரியாது.

மேடம் அந்த அட்டவணையைப் பார்த்துவிட்டுக் கேட்டார். "சரக்கே இல்லையா? அப்ப போன வாரம் நான் தின்ன எறா இன்னா, மரத்துல காய்ச்சுதா?"

கேட்டுவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். நான் பின்னால் ஓடினேன். பொன்னேரி வரை மின்சார ரயில். உட்கார இடம் இருந்தும் கதவோரம் நின்றபடியே வந்தார். அங்கிருந்து பஸ் பிடித்து இறங்குதுறைக்குப் போனோம்.

எங்கள் கணக்கெடுப்பாளர் ஒருவர் படிவத்தோடு தண்ணீரோரம் நின்றிருந்தார். கிளம்பும் படகைப் பார்த்து, "அண்ணே, எங்க போறீங்க?" என்று மரியாதையாகத்தான் கேட்டார். படகிலிருந்தவர் கோலைக் கீழே வைத்தார். பெருமூச்சு விட்டார். இறங்கிக் கரைக்கு வந்து உட்கார்ந்து, கேனிலிருந்து தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பப் போய்ப் படகில் ஏறினார். படிவம் நிரம்பவில்லையே என்ற கவலையில் நம் ஆள் விடவில்லை. "சொல்லாமயே போறீங்களே அண்ணே, எங்க போறீங்க?" அவர் மறுபடியும் இறங்கி வந்து உட்கார்ந்துவிட்டார்.

அவர் மனைவி நாகம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. நேராக மேடத்திடம் வந்தார். "இன்னாம்மா இது? தொழிலுக்குக் கெளம்பற மனுசன நிறுத்தி எங்க போற, எங்க போறன்னு கேட்டுக்கினு நிக்கறாங்க. வெளங்குமா? எங்க நைனா கெளம்பும்போது எங்கம்மா ஒருநாளு வாயத் தொறந்து கேட்டதில்ல. கேட்டா அவ்ளோதான், திரும்பி வந்து ஒக்காந்து தண்ணி குட்ச்சிட்டுத்தான் போவணும்."

"போன தடவ கேட்டப்ப இன்னா சொன்னீங்க?" என்றார் மேடம்.

"எங்கியும் போலன்னு சொன்னோம். வேற இன்னா சொல்றது? படவுல இன்னா கீதுன்னு கேட்டாங்க. கெளம்பற படவுல இன்னா இருக்கும்? ஒண்ணுமில்லன்னோம்."

மேடம் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். "என் மாமியார் இந்தக் கேள்விக்காக என்கிட்ட ஒரு வாரம் பேசல சார். நம்ம வீட்லயும் இதே வழக்கம்தானே. படிவத்தக் கையில எடுத்ததும் எல்லாருக்கும் மறந்துபோச்சு பாருங்க."

அன்றைக்கே கணக்கெடுப்பைத் திருப்பிப் போட்டார். "கெளம்பறவங்களக் கேக்காதீங்க. வந்து சேந்தவங்களக் கேளுங்க. எங்கருந்து வர்றீங்க, இன்னா கொண்டாந்தீங்க, அது போதும்." எளாவூரிலும் அதே கதைதான். சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுக் கிளம்பிய டிரைவர், எங்கே போகிறாய் என்றால் முகம் கொடுத்துப் பேசுவாரா? அங்கேயும் மாற்றினார். பிறகு மாநிலம் முழுக்கவே சரக்கு இறங்கும் இடத்தில்தான் கேட்டோம். பசியாவரத்து நண்டு ஒன்றைத் தொடர்ந்து நாங்களே போனோம். படகு, தலைச்சுமை, குட்டியானை வேன், பொன்னேரியில் ரயில், பட்டணத்து மார்க்கெட். அதே ஏரியின் இறால் ஐஸ் பெட்டியில் வடக்கே ஆந்திராவுக்கும் போவதைப் பார்த்தோம். வெறும் 'இல்லை' இருந்த இடத்தில் வரைபடத்தில் கோடுகள் வந்தன.

மேலிடத்தில் அது எளிதில் எடுபடவில்லை. கூடையில் வருவதையெல்லாம் சரக்கு என்று சொல்ல முடியுமா என்று ஓர் அதிகாரி கேட்டார். "கன்டெய்னர்ல வர்றதும் யாரோ கையால பண்ணி அனுப்பினதுதான் சார்" என்றார் மேடம். லாரிகள் நிற்பதற்கு ரயில் பாதையோரம் கிடக்கும் தரிசு நிலத்தைக் காட்டினார். எனக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? துள்ளிக்கொண்டு ஆதரித்தேன். "நண்டு உங்கள என் பக்கம் இழுத்துடுச்சு பாத்தீங்களா" என்று அதற்கும் கிண்டல். அடுத்த வாரக் கூட்டத்தில் முடிவு சொல்வதாக இருக்கிறார்கள்.

அந்தக் கூட்டத்துக்கு மேடம் இல்லை. நினைத்தால் ஆத்திரமாக வருகிறது. இத்தனை அவசரப்பட்டவர் இதற்கா அவசரப்பட வேண்டும்?

பொன்னேரியில் அவர் வீட்டுக்குப் போனபோது அவருடைய செருப்பில் ஒன்று வாசற்படியில் கிடந்தது. மற்றொன்றை மாட்டிக்கொண்டிருக்கும்போதுதான் சாய்ந்தாராம். டாக்டர் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. எங்கே கிளம்பினார் என்று யாருக்கும் தெரியவில்லை. இறங்குதுறைக்கா, அலுவலகத்துக்கா, கடைக்கா? கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்ப அதையே சொன்னார். "நான் கேக்கல சார். கெளம்பும்போது கேக்கக் கூடாதுன்னு வீட்டுக்கே சட்டம் போட்டிருந்தா. கேட்டிருந்தா என்னத் திட்டிக்கினே உள்ள வந்து ஒக்காந்திருப்பா. ஒரு வாய் தண்ணி குடிச்சிருப்பா. மயக்கம் வந்தாலும் பக்கத்துல நான் இருந்திருப்பேன் இல்ல?" கேட்டிருந்தாலும் எதுவும் மாறியிருக்காது என்றேன். அவரும் நம்பவில்லை, நானும் நம்பவில்லை.

பசியாவரத்திலிருந்து பெண்கள் படகேறி, பஸ் ஏறி வந்துசேர்ந்தபோது மேடத்தை வண்டியில் ஏற்றிவிட்டிருந்தார்கள். நாகம்மா மாலை எதுவும் கொண்டுவரவில்லை. மேடத்தின் கணவர் புலம்புவதைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் வண்டிக்குக் குறுக்கே நின்றார்.

"எங்கம்மா போற?" என்றார்.

பக்கத்திலிருந்த பெண்கள் பதறிப்போய் அவருடைய தோளைப் பிடித்தார்கள். அவர் உதறிவிட்டார். "நான் கேக்கறன் இல்ல? எங்க போற? கேட்டாச்சு. நீ திரும்பி வரணும். வந்து ஒக்காந்து தண்ணி குட்ச்சிட்டு அப்பறமாப் போ."

டிரைவர் என்ஜினை நிறுத்திவிட்டார். கணவர் வீட்டுக்குள் போனார். ஒரு சொம்பு தண்ணீரோடு வெளியே வந்து, அதை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நின்றார்.

மேடம், அடுத்த வாரம் உங்கள் வரைபடத்தை எடுத்துக்கொண்டு நான் கிளம்புகிறேன். அந்தக் கரையை விட்டுக்கொடுக்க மாட்டேன். நீங்கள் போய்ச் சேருங்கள்.