தூரியான் வீட்டு மூக்கு

மாத்தளையில் தூரியான் காலம் வந்தால் ஸஹ்னாவின் வீட்டுக்கு விருந்தாளிகள் வருவது நின்றுவிடும். வாப்பா ஸக்கரியா வீதியோரம் தூரியான் விற்கிறவர்; மிஞ்சிய பழமெல்லாம் முன்னறையில்தான் நாறிக் கிடக்கும். அந்த நாற்றத்திலேயே வளர்ந்தவளுக்குக் கண்டியில் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை கிடைத்தது பொருத்தம்தான். கந்தகம் கலந்த திரவங்களை அச்சில் வார்த்து, சூட்டில் இறுக்கி, மூக்குக்கண்ணாடிக்கான பிளாஸ்டிக் வில்லை செய்கிற வேலை. கந்தகம் கூடக்கூட ஒளி நன்றாக வளையும். வில்லையை மெலிசாக வார்க்கலாம். ஆனால் அந்தத் திரவம் இருக்கிறதே, அப்படி நாறும்! மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓட, இவள் பாட்டுக்கு வேலை செய்வாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

வாப்பாவுக்குச் சோடாப்புட்டிக் கண்ணாடி. அதன் பாரத்தில் மூக்கிலுள்ள புண் ஆறுவதேயில்லை. கடையில் மட்டும் மாட்டிக்கொள்வார். வீட்டுக்கு வந்ததும் கழற்றி வைத்துவிட்டுத் தட்டுத்தடுமாறி நடப்பார். அவருக்கு மெலிசாக ஒரு சோடி செய்து தந்தே தீருவதென்று ஸஹ்னா பிடிவாதமாக இருந்தாள். ஆய்வுகூடத்திலும் சம்மதித்தார்கள்.

முதல் சோடி மஞ்சள் பாரிக்காமல் தெளிவாக வந்தது. திரவம் மிச்சமில்லாமல் இறுகிவிட்டால் நாற்றம் போய்விடும். முகர்ந்து பார்த்தாள், நாற்றமில்லை. மாத்தளை டவுனில் கண்ணாடிக்கடை வைத்திருக்கும் மர்சூக் நானா அதை ஃபிரேமுக்கு அளவாகத் தேய்க்கத் தொடங்க, வில்லை பசையாகச் சக்கரத்தில் அப்பிக்கொண்டது.

"இது வேகல்லியே தங்கச்சி! நாத்தம் கொடலப் புடுங்குது. ஒனக்கு மணக்கல்லியா?"

மணக்கவில்லை. தூரியான் காலம் முழுக்க அவள் மூக்கு செத்துக் கிடந்தது. பெருமையடித்த மூக்கே காலை வாரிவிட்டதே என்று அவளுக்கு அழுகை வந்தது.

இரண்டாவது சோடியை ஆய்வுகூடத்து நிஷாந்தியிடம் முகரக் கொடுத்தாள். நிஷாந்தி முகம் சுளித்தாள். ஸஹ்னா அதை மறுபடி சூட்டில் வைத்தாள். நிஷாந்தி முகம் சுளிக்காமல் முகர்ந்த பிறகுதான் மர்சூக் நானாவிடம் கொண்டுபோனாள். இந்தத் தடவை வில்லை அழகாகத் தேய்ந்தது.

அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்தபோதும் வாப்பா புதுக் கண்ணாடியைக் கழற்றவில்லை. சோற்றைப் பிசையாமல் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். வில்லையில் ஏதும் குறையோ என்று ஸஹ்னா பதறிப்போனாள்.

"சரியாத் தெரியுதா வாப்பா?"

"தெரியுது மகள். நீ எப்ப இப்பிடி மெலிஞ்சி போன? ஒவ்வொரு நாளும் ஒண்ணாத்தானே சாப்புடுறோம், நான் காணவே இல்லியே."