நாலு புள்ளி உயிர்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கோபி கூடத்தில் பாயை விரித்து, தன் கதைக்கான வரைபடத்தை நடுவில் வைத்தான். அவன் அக்கா மோகனா முறுக்குத் தட்டோடு வந்து சுவரோரம் உட்கார்ந்துகொண்டாள். வழக்கமாக அந்த நேரத்தில் தூங்குகிறவள். ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் சரிபார்ப்பது அவள் வேலை. ஒரு தையல் கோணினாலும் ஜோடியையே திருப்பி அனுப்பிவிடுவாள். வாரம் முழுக்க அப்படிப் பார்த்த கண்ணுக்கு ஞாயிறு தூக்கம் கட்டாயம் வேண்டும். இன்றைக்கு வரவில்லை. தம்பியின் விளையாட்டுக்குள் அப்பா இருக்கிறார் என்று காலையில்தான் தெரிந்தது.

விளையாட்டு ஒன்றும் பெரிய சூத்திரம் இல்லை. கோபி கதை சொல்வான். நண்பர்கள் ஆளுக்கொரு வீரனாகக் கதைக்குள் புகுந்து, அடுத்து என்ன செய்கிறார்கள் என்று சொல்வார்கள். அது பலிக்குமா என்பதைப் பகடை தீர்மானிக்கும். கோபி எழுதிய கதைகளைப் பெங்களூரில்கூட யாரோ வாங்கி ஆடுகிறார்கள். பத்தாவதோடு நின்றுபோன மோகனா இதைக் கம்பெனியில் சொல்லாத ஆள் பாக்கியில்லை. பெருமையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் காலையில் அவன் சொன்னதுதான் உறுத்தியது.

"புதுக் கதையில டேனரி ஊரு ஒண்ணு வருதுக்கா. அப்பாவ அதுல வெச்சிருக்கேன். பேரும் துரைசாமிதான்."

"வீரனாவா?"

"இல்ல. ஊர்க்காரரா."

இந்த விளையாட்டில் ஊர்க்காரர்கள் என்றால் வழி சொல்ல, சாமான் விற்க, பூதம் வந்தால் கத்திக்கொண்டு ஓட. பாதிப் பேருக்குப் பெயரே கிடையாது. வீரனுக்கு நாற்பது புள்ளி உயிர் என்றால் இவர்களுக்கு நாலு. ஒரு வெட்டு விழுந்தால் ஆள் காலி.

"அப்பாவுக்கும் நாலா?"

"நாலுதான்."

"கொஞ்சம் ஜாஸ்தி போட்டா இன்னாடா?"

"ஜாஸ்தி போட்டா அது அப்பா இல்லக்கா."



துரைசாமி தோல் பதனிடும் டேனரியில் டிரம் ஓட்டியவர். டிரம் என்பது வீட்டு உயரத்துக்கு ஒரு மர உருளை. தோலையும் மருந்தையும் உள்ளே போட்டுச் சுற்ற விட்டால், பதம் வரும்வரை நிறுத்தக் கூடாது. நடுவில் நின்றால் திட்டுத் திட்டாகக் கறை ஏறி, அந்தத் தடவை உள்ளே போட்ட மொத்த லாட்டும் பாழ். கூடப்பிறந்த தம்பி கல்யாணத்திலேயே, "தாலி கட்டியாச்சா? அப்ப வர்றேன், டிரம்ல லாட் இருக்கு" என்று பந்தியில் உட்காராமல் கிளம்பிய மனுஷன். நகக்கண்ணில் எப்போதும் மருந்தின் நீலம். எத்தனை சோப்பு போட்டாலும் போகாத வாடை. சோளிங்கர் மலைக்குப் போகும்போது பஸ்ஸில் இடம் இருந்தாலும் பின்படிக்கட்டு ஓரமாக நின்றுகொண்டே வருவார். பக்கத்தில் உட்கார்ந்தால் எழுந்து போகிறவர்களைப் பார்த்துப் பார்த்துப் பழகிப்போனது. அவர் இறந்து மூன்று வருஷம் ஆகிறது. விளையாட்டிலும் யாராவது மூக்கைப் பொத்திக்கொண்டு, நாலு புள்ளிதானே என்று அவரை வெட்டிப் போட்டால்? மோகனாவுக்கு அந்த பயம்தான்.

ஆட வந்தவர்கள் இரண்டு பேர். கோபியின் தோஸ்த் ஹயாத் பாஷா கதையில் மந்திரவாதி. பரிசோதனை லேபில் வேலை செய்யும் ஜாஸ்மின் திருடி. இருவர் வீட்டிலும் டேனரிக்குப் போகிறவர்கள் உண்டு.

கதைப்படி இருவரும் ராட்சசனின் வைரத்தைத் திருடிவிட்டார்கள். அவன் துரத்துகிறான். தப்பிக்க ஒரே வழி டேனரியின் பின்கேட். அதற்கு வெளியே மாட்டு வண்டி நிற்கிறது. கேட்டின் சாவி துரைசாமியின் இடுப்பில்.

"சாவி குடுங்க பெரியவரே, அர்ஜென்ட்!" என்றாள் ஜாஸ்மின்.

கோபி அப்பாவின் குரலிலேயே சொன்னான்: "இப்ப முடியாதும்மா. வேலையா இருக்கேன். அப்புறமா வா."

"ராட்சசன் வர்றான்யா!"

"வரட்டும்."

"பேஜாரு புடிச்ச ஆளா இருக்காரே!" ஜாஸ்மின் பகடையைக் கையில் எடுத்தாள். "ஊர்க்காரர்தானே, நாலு புள்ளி. கத்திய எடுக்கிறேன். குத்திட்டு சாவிய எடுத்துக்கிறேன்."

மோகனா கையிலிருந்த முறுக்கு நொறுங்கியது. தம்பியைப் பார்த்தாள். அவன் நிமிரவில்லை.

"சரி, உருட்டு. ஆனா ஒண்ணு. அவருக்குப் பின்னால டிரம் சுத்திட்டிருக்கு. அவரு செத்தா பாத்துக்க ஆள் இல்ல."

உருட்டப் போன கை நின்றது. "உள்ள லாட் இருக்கா?"

"முந்நூறு தோல்."

"மருந்து போட்டாச்சா?" என்றான் ஹயாத் பாஷா.

"போட்டாச்சு."

"அடப்பாவி, மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" ஜாஸ்மின் பகடையைக் கீழே வைத்துவிட்டாள். "கத்திய உள்ள வெச்சுட்டேன். எவ்ளோ நேரம் ஆவும், கேளு அவர."

அதற்குப் பிறகு ராட்சசனை ஒருவரும் சட்டை செய்யவில்லை. அவன் வந்து டேனரி வாய்க்காலில் கால் வைத்துத் தண்ணீரை அடைத்தான். டிரம்மைச் சுற்றும் நீர்ச்சக்கரம் தடுமாறியது. ஹயாத் பாஷா யோசிக்காமல் தன்னிடம் இருந்த ஒரே மந்திரத்தைப் போட்டு டிரம்மைச் சுற்ற வைத்தான்.

கோபி தலையில் கை வைத்தான். "டேய், அது ராட்சசன கொல்றதுக்கு வெச்சிருந்த மந்திரம்டா!"

"கறை புடிச்சா யாரு பதில் சொல்றது? எங்க அத்தா கேட்டா செருப்பால அடிப்பாரு."

மோகனாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. காலையிலிருந்து இருந்த பயம் அந்தச் சிரிப்போடு இறங்கிப் போனது.

பதம் வந்ததும், ராட்சசன் கூரைமேல் கல்லெறிய எறிய, திருடி தோல்களை இறக்கினாள், மந்திரவாதி தள்ளுவண்டி பிடித்தான். ஒவ்வொரு கல்லுக்கும் கோபி பகடை உருட்டினான். கடைசித் தோலும் இறங்கியதும் துரைசாமி தானாகவே வந்து பின்கேட்டைத் திறந்துவிட்டார். மூவரும் வண்டிக்கு ஓடினார்கள்.

"வண்டி கெளம்பிடுச்சு" என்றான் கோபி. "அவரு மட்டும் பின்னால, படி ஓரமா நின்னுக்கிட்டே வர்றாரு."

மோகனா சிரிப்பை நிறுத்தினாள். பஸ் கதை இந்த இருவருக்கும் தெரியாது.

"இன்னாத்துக்கு நிக்கிறாரு? அவ்ளோ இடம் கெடக்குதே" என்றாள் ஜாஸ்மின், முறுக்கைக் கடித்துக்கொண்டே. "பெரியவரே, இங்க வந்து என் பக்கத்துல உக்காருங்க. டேய், நவுந்து உக்காருடா."

"நவுந்துட்டேன்" என்றான் ஹயாத் பாஷா.

கோபி அக்காவைப் பார்த்தான். "உக்காந்துட்டாரு" என்றான்.

மோகனா முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு டீ போட எழுந்தாள். சமையல்கட்டு வாசலில் நின்று கேட்டாள்: "இப்ப எத்தன புள்ளிடா இருக்கு அவருக்கு?"

"மூணுக்கா. ஒரு கல்லு தோள்ல ஒரசிடுச்சு."

"மூணு போதும்" என்று அடுப்பைப் பற்றவைத்தாள்.